த்ரில்லர் முதல் காட்சியில பக்குன்னு இருக்கணும்னா கேமராவா, சவுண்டா, கலரா?

மும்பை செம்பூர்லேர்ந்து ஒரு நண்பர் கேட்டிருக்கார். 9 நிமிஷ ஷார்ட் ஃபிலிம் ஒண்ணு எடுத்திருக்காராம். முதல் 2 நிமிஷம் ஒரு பொண்ணு கடைசி லோக்கல் ட்ரெயினைப் பிடிச்சு ராத்திரி வீட்டுக்கு வர்றா, லிஃப்ட்ல ஏறுறா, பூட்டைத் திறந்து உள்ள போறா, உள்ள ஏற்கனவே ஒருத்தன் இருக்கான். எல்லாத்தையும் ஹேண்ட்ஹெல்டுல (கேமராவைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு) எடுத்து, டிஐல (எடுத்த படத்துக்குக் கலர் சரி பண்ற வேலை) மொத்தப் படத்துக்கும் நீலப்பச்சை ஏத்தி, அடியில ட்ரோன் ஓட விட்டிருக்கார் (பறக்கற ட்ரோன் இல்ல, ஒரே சுருதில உறுமிக்கிட்டே இருக்கற சத்தம்). பார்த்தவங்க எல்லாம் "நல்லாருக்கு, ஆனா பக்குன்னு இல்லையே"ன்னு சொல்லிட்டாங்களாம். மூணுல எதுல தப்பு பண்ணேன்னு கேக்கறார். எனக்கு என்னமோ இவர் கேக்கறது வேற ஒண்ணுன்னு தோணுது. பெரிய படங்கள்ல பார்த்த எல்லாத்தையும் நானும் செஞ்சேனே, அப்புறம் ஏன் வேலை செய்யலங்கறதுதான் கேள்வி. அதுக்குத்தான் இந்த பதில்.

நான் தாராவில வளர்ந்தவன், அந்தேரில 16 வருஷமா சவுண்ட் எடிட்டிங் பண்றேன், ஹிந்திப் படம், வெப் சீரிஸ், நடுவுல கொஞ்சம் தமிழ். அதனால சத்தம் பத்தி சொல்றதை கை வச்சு பார்த்த அனுபவத்துல சொல்றேன். கேமரா பத்தி சொல்றது எடிட் டேபிள்ல பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டது. கலர்ல நான் டிஐ ரூம்ல பின் சீட்ல உக்காந்து பார்த்தவன் மட்டும்தான், அதை அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

முதல்ல உறுதியா சொல்லக்கூடிய ஒண்ணு. டென்ஷன் கேமராவுலயும் இல்ல, சவுண்டுலயும் இல்ல, கலர்லயும் இல்ல. பாக்கறவனுக்கு என்ன தெரியும், அவன் எதுக்காகக் காத்திருக்கான், அதுலதான் இருக்கு. இதை ஹிட்ச்காக் 1962-ல பிரெஞ்சு டைரக்டர் ட்ரூஃபோகிட்ட பேசும்போது ஒரு உதாரணத்தோட சொல்லிட்டார். மேஜைக்கு அடியில குண்டு இருக்கறது நமக்குத் தெரியாம திடீர்னு வெடிச்சா 15 செகண்ட் அதிர்ச்சி, அதே குண்டு இருக்குன்னு நமக்கு முன்னாடியே காட்டிட்டு மேஜையில இருக்கறவங்களை சாதாரணமா பேச விட்டா 15 நிமிஷம் நகத்தைக் கடிப்போம். எல்லாரும் கேட்ட கதைதான், ஆனா உங்க படத்துல வச்சுப் பாருங்க. உள்ள ஒருத்தன் இருக்கான்னு அந்தப் பொண்ணு பாக்கற செகண்ட்லதான் எங்களுக்கும் தெரியுது. அதுக்கு முன்னாடி ஓடற 2 நிமிஷம் வேலை முடிஞ்சு ஒரு பொண்ணு வீட்டுக்கு வர்றா, அவ்வளவுதான். அதுக்கு அடியில நீங்க உறுமலை விட்டா, டென்ஷனா இருங்கன்னு டைரக்டர் எங்களைக் கேட்டுக்கற மாதிரி இருக்கு. எதுக்குன்னு எங்களுக்குத் தெரியலையே.

எப்பவுமே முன்னாடியே சொல்லித்தான் ஆகணும்னு இல்ல. 1954-ல வந்த நம்ம 'அந்த நாள்' துப்பாக்கிச் சத்தத்தோடதான் ஆரம்பிக்கும், ஒருத்தன் செத்துட்டான், யார் சுட்டாங்கன்னு காட்ட மாட்டாங்க. அங்க நம்மள இழுக்கறது நடந்து முடிஞ்ச ஒண்ணு பத்தின கேள்வி. அதுவும் ஒரு வழி. ஆனா உங்க காட்சி அந்த வகை இல்ல, இனிமே நடக்கப் போறதைப் பத்தின காட்சி, அதுக்கு குண்டைக் கொஞ்சமாவது காட்டியாகணும். காட்டணும்னா கண்ணுலதான் காட்டணும்னு இல்ல, காதுல காட்டலாம். இங்கதான் நான் ரொம்ப நேரம் பேசப் போறேன்.

ஆர்சன் வெல்ஸோட 'டச் ஆஃப் ஈவில்' 1958-ல வந்தது. முதல் ஷாட் 3 நிமிஷத்துக்கு மேல கட்டே இல்லாம போகும். ஒரு கை டைமரைத் திருகுது, குண்டை ஒரு கார் டிக்கியில வைக்குது, அது தெரியாம ஒரு ஜோடி வந்து காரை எடுக்குது, கேமரா கிரேன்ல மேல ஏறி தெருத்தெருவா கூடவே போகுது. ஃபிலிம் ஸ்கூல்ல எல்லாம் இதை கேமராவுக்காகத்தான் போட்டுக் காட்டுவாங்க. ஆனா அந்தப் படத்தை ஸ்டுடியோ வெளியிட்டப்ப அந்த ஷாட் மேல டைட்டில் ஓடுச்சு, ஹென்றி மான்சினி இசை மேல ஓடுச்சு. வெல்ஸுக்கு அது பிடிக்கல, படம் பூரா என்னென்ன மாத்தணும்னு 58 பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதை வச்சு 1998-ல வால்டர் மர்ச்ங்கற எடிட்டர் மறுபடி எடிட் பண்ணப்ப டைட்டிலை எடுத்துட்டாங்க, அந்த இசையையும் எடுத்துட்டு அந்தத் தெருவுல நிஜமா கேக்கக்கூடிய சத்தத்தை வச்சாங்க, கிளப் வாசல்லேர்ந்து வர்ற பாட்டு, கார் ரேடியோவுல ஓடற பாட்டு. இதுல என்ன நடந்துச்சுன்னு கவனிங்க. கார் ஃப்ரேமை விட்டுப் போயிடும், கேமரா நடந்து போற இன்னொரு ஜோடியைப் பிடிச்சுக்கும், ஆனா அந்த ரேடியோ சத்தம் கிட்ட வரும், தூரம் போகும், மறுபடி கிட்ட வரும். அதாவது குண்டு இப்ப எங்க இருக்குன்னு நம்ம காது சொல்லுது. ரெண்டு வெர்ஷன்லயும் ஷாட் ஒண்ணுதான். மான்சினியோட இசை நல்ல இசைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அது ஒரு மூடைத்தான் கொடுக்குது. அந்த ரேடியோ தகவலைக் கொடுக்குது. ஒரு சத்தத்தை எடுத்து டைம்லைன்ல வைக்கறதுக்கு முன்னாடி இது எதைச் சொல்லுதுன்னு நான் இப்பவும் என்னைக் கேட்டுக்கறேன்.

இப்ப உங்க ட்ரோன். உங்க நண்பர்கள் எதுல பார்த்தாங்க? வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பி, ஹார்பர் லைன் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே ஃபோன்ல பார்த்திருப்பாங்கன்னு வைங்க, அப்ப உங்க ட்ரோன் அவங்க காதுக்கு வந்தே இருக்காது. ஃபோன் ஸ்பீக்கர்ல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற அடி சத்தம் பெருசா எதுவும் வராது. நீங்க ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு 40, 50 ஹெர்ட்ஸ்ல ஒரு உறுமலை வச்சு சூப்பரா இருக்குன்னு நினைச்சிருப்பீங்க, அவங்களுக்கு வெறும் செருப்புச் சத்தமும் சாவிச் சத்தமும்தான் கேட்டிருக்கும். எனக்கே நடந்திருக்கு. முதல் ரெண்டு வருஷத்துல ஒரு காட்சிக்கு மிக்ஸ் ரூம்ல சப் வூஃபர் அதிர அதிர வேலை பண்ணி வச்சிருந்தேன், டைரக்டர் டாக்ஸில போகும்போது ஃபோன்ல கேட்டுட்டு கூப்பிட்டு "சீனே காலியா இருக்கே"ன்னார். அவர் சொன்னது சரிதான், அவர் கேட்டதுல சீன் காலிதான். இதுக்கு வழி இருக்கு. அந்த அடி சத்தத்துல கொஞ்சம் சாச்சுரேஷன் (சத்தத்தை லேசா பிசிற வைக்கற எஃபெக்ட்) போட்டா அதோட மடங்குகள் மேல வரும், 50-க்கு 100, 150, 200, 250ன்னு. மேல இருக்கற மடங்குகள் மட்டும் காதுல விழுந்தாலும் மூளை அந்த அடி சுருதியைத் தானே போட்டுக்கும். இது ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம், சின்ன ஸ்பீக்கர்ல பேஸ் கேக்கற மாதிரி தோண வைக்கறது இதை வச்சுத்தான்.

ஆனா நான் உங்க இடத்துல இருந்தா ட்ரோனைச் சரி பண்ண மாட்டேன், எடுத்துடுவேன். ஏன்னா முதல் செகண்ட்லேர்ந்து கடைசி செகண்ட் வரைக்கும் மாறாம இருக்கற சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்துல கழிச்சுடும். வீட்டுல ஃபேன் சத்தம் கேக்குதான்னு இப்ப யோசிச்சுப் பாருங்க, நான் சொன்னதுக்கு அப்புறம்தான் கேட்டிருக்கும். 2020 அக்டோபர் 12, திங்கக்கிழமை காலைல மும்பை பூரா கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா, லோக்கல் எல்லாம் தண்டவாளத்துலயே நின்னுச்சு. நான் வீட்டுல இருந்தேன். ஃபேன் சுத்தி சுத்தி நின்னுது, ஃபிரிட்ஜ் கடைசியா ஒரு உதறு உதறி நின்னுது, பில்டிங் பம்ப் நின்னுது, எதிர் வீட்டு ஏசி நின்னுது. இத்தனை சத்தம் ஓடிக்கிட்டு இருந்துச்சுங்கறதே எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. அப்புறம் கேட்டது என்னன்னா மாடிப்படியில யாரோ செருப்பை இழுத்துக்கிட்டு போறது, ரெண்டு மாடி கீழ ஒரு குழந்தை இருமறது, ஜன்னல் மேல புறா நகம் கீறறது. சத்தம் போனவுடனே காது தானா நீளும். அப்படி காதை நீட்டிக்கிட்டு இருக்கற நிலைமைதான் டென்ஷன், அதை ஒரு வாத்தியத்தால ஏத்த முடியாது, சத்தத்தை எடுத்துத்தான் கொண்டு வரணும்.

அதுக்கு எடுக்கறதுக்கு முதல்ல ஏதாவது இருக்கணும். பொண்ணு ஸ்டேஷன்லேர்ந்து வரும்போது நல்லா நிறைய சத்தம் வைங்க, ஆட்டோ, நாய், பான் கடை ரேடியோ, கட்டிட வேலை. காம்பவுண்டுக்குள்ள வந்ததும் ரெண்டு லேயரை எடுங்க. லிஃப்ட்ல இன்னும் ரெண்டு. கதவைச் சாத்தினதும் வெளி ஊரே அடங்கணும், ஃபிரிட்ஜ் மட்டும் ஓடணும். அப்புறம் ஃபிரிட்ஜும் நிக்கட்டும், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் தானா நிக்கறது எந்த வீட்டுலயும் நடக்கறதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை, மொத்த சத்தத்தையும் பூஜ்யம் ஆக்கிடாதீங்க, அப்படி செஞ்சா ஃபோன் மியூட் ஆயிடுச்சுன்னு வால்யூம் பட்டனை அமுக்குவாங்க. அந்த ரூமோட ரூம் டோன் (யாரும் பேசாம அசையாம இருக்கும்போதும் அந்த ரூம்ல கேக்கற சத்தம்) மெல்லிசா ஓடிக்கிட்டே இருக்கணும். ஷூட் அன்னைக்கு எல்லாரையும் அசையாம நிக்க வச்சு ஒரு நிமிஷம் ரூம் டோன் எடுத்தீங்களா? எடுக்கலன்னா இப்ப ராத்திரி அதே வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வாங்க.

ஃப்ரேமுக்கு வெளிய இருக்கற சத்தத்துக்கு நான் எப்பவும் காட்டற உதாரணம் ஃப்ரிட்ஸ் லாங்கோட 'எம்', 1931, அவரோட முதல் பேசும் படம். ஒரு அம்மா சமைச்சு வச்சுட்டு பள்ளிக்கூடத்துலேர்ந்து பொண்ணு வரக் காத்திருக்கா. கொலைகாரனோட நிழல் மட்டும் ஒரு போஸ்டர் மேல விழும். அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடறா, அந்தக் குரல் மேல நமக்குக் காட்டறது காலி மாடிப்படி, துணி காயப் போடற காலி பரண், சாப்பாட்டு மேஜையில தொடாத தட்டு. அப்புறம் புல்லுல ஒரு பந்து உருண்டு வந்து நிக்குது, கம்பில ஒரு பலூன் மாட்டிக்குது. பின்னணி இசை கிடையாது, ரத்தம் கிடையாது. கிட்டத்தட்ட 100 வருஷம் ஆகப் போகுது, இன்னும் அந்தக் குரல் என்னைக் கொல்லுது, ஏன்னா கூப்பிடற சத்தத்துக்குன்னு ஒரு பதில் சத்தம் வரணும்னு நம்ம உடம்புக்கே தெரியும், அது வரல.

ஆளுங்களுக்கு ஏற்கனவே அர்த்தம் தெரிஞ்ச சத்தத்தைப் பிடிங்க, இது என்னோட முக்கியமான யோசனை. எங்க பாட்டி திருநெல்வேலிலேர்ந்து வந்தவங்க, பேசிக்கிட்டு இருக்கும்போது பல்லி சொன்னா டக்குனு நிறுத்திடுவாங்க, எந்தப் பக்கம்னு பார்ப்பாங்க, நாங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்போம். எந்த சிந்தசைசரும் அதைப் பண்ணாது. நாய் ஊளை, ஆந்தை, கொலுசு எல்லாம் ஒரு காலத்துல அப்படி இருந்துச்சு, இப்ப படத்துல கேட்டுக் கேட்டு அதோட விஷம் இறங்கிடுச்சு. உங்க காட்சிக்கு மும்பைல ஒரு சத்தம் சும்மாவே கிடக்குது. பழைய பில்டிங் லிஃப்ட்ல ஜாலி கதவை (இழுத்துச் சாத்தற கம்பிக் கதவு) சரியா சாத்தலன்னா ஒரு ரெக்கார்டட் குரல் வருமே, "கிருப்யா தர்வாஸா பந்த் கீஜியே"ன்னு (தயவுசெஞ்சு கதவைச் சாத்துங்க), சாத்தற வரைக்கும் விடாது. பொண்ணு லிஃப்டை விட்டு வெளிய வந்து கதவை நல்லா சாத்தறதைக் காட்டுங்க, தெளிவா, சத்தத்தோட. வீட்டுக்குள்ள வந்து தண்ணி குடிக்கறா. வெளிய அந்தக் குரல் ஆரம்பிக்குது. சொல்லிக்கிட்டே இருக்குது. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே பாதி வாக்கியத்துல நிக்குது. யாரோ வந்திருக்கான், இப்ப கதவைச் சாத்திட்டான். உங்க கதையில ஆள் ஏற்கனவே உள்ளதான் இருக்கான், ஆனா இவ வெளிய பாத்துக்கிட்டு இருப்பா, நாங்களும் வெளிய பாத்துக்கிட்டு இருப்போம், அவன் பின்னாடி இருப்பான்.

சத்தத்துல சந்தேகமான சரக்கும் நிறைய சுத்துது. காதுக்கே கேக்காத 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒரு சத்தம் வச்சா ஆளுங்க காரணமே இல்லாம பயந்துடுவாங்கன்னு யூடியூப்ல சொல்வாங்க. அது அவ்வளவு சுலபமா நிரூபணம் ஆன விஷயம் இல்ல. அதோட சாதாரண தியேட்டர் சப் வூஃபரே அவ்வளவு கீழ ஒழுங்கா போகாது, ஃபோன்ல கேள்வியே இல்ல, அதனால அந்த மாதிரி சவுண்ட் பேக்குக்குக் காசு செலவு பண்ணாதீங்க. இன்னொண்ணு கொஞ்சம் பலமானது. மிருகங்கள் உயிர் பயத்துல கத்தும்போது குரல் பிசிறி உடையுமே, அந்த மாதிரி கரடுமுரடான சத்தத்தை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துல சிலர் 102 படத்தோட காட்சிகள்ல தேடிப் பார்த்து 2010-ல எழுதினாங்க, திகில் படத்துல பிசிறடிக்கற அலறல் சத்தம் அதிகமா இருக்குன்னு. இதுலயும் கவனமா இருக்கணும், படம் எடுக்கறவங்க அதைப் பயன்படுத்தறாங்கன்னுதான் அது காட்டுது, எந்த ஆளுக்கு எவ்வளவு பயம் வரும்னு காட்டல. எங்க அனுபவத்துல வயலின் கிறீச்சிடறது வேலை செய்யும், ஆனா ஒரு தடவை, ரெண்டு தடவை.

கேமராவுக்கு வர்றேன். ஹேண்ட்ஹெல்டுல எடுத்தது தப்புன்னு சொல்ல மாட்டேன், முதல் ஷாட்லேர்ந்தே ஆடினதுதான் பிரச்சினை. பொண்ணு நிம்மதியா இருக்கா, கேமரா மட்டும் நடுங்குது, அப்ப நடுக்கம் யாரோடது? அசையாத ஃப்ரேமுக்கு ஒரு பலம் இருக்கு, அதை ரெண்டு செகண்ட் கூடுதலா பிடிச்சு வச்சா கண்ணு தானா ஓரத்துக்குப் போகும், பின்னாடி பாதி திறந்த பெட்ரூம் கதவைத் தேடும். உங்க ஷாட் எல்லாத்துலயும் பொண்ணோட முகம் ஃப்ரேமை நிரப்பிக்கிட்டு இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அப்ப எங்களுக்குத் தேட இடமே இல்லையே. இன்னொண்ணு, கேமரா எல்லா இடத்துக்கும் அவ பின்னாடியே போகுது. ஒரே ஒரு ஷாட்டை மாத்துங்க. கேமரா இருட்டுல வீட்டுக்குள்ள இருக்கட்டும், அவ வெளிய சாவியைத் தேடற சத்தம் கேக்கட்டும், கதவு எங்களைப் பாத்து திறக்கட்டும். உள்ள யாரோ காத்துக்கிட்டு இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம சொல்லியாச்சு. வீட்டைத் திரும்ப ஒரு ராத்திரிக்குக் கேட்டு வாங்கினா இந்த ஒரு ஷாட்டை எடுத்துடலாம். லென்ஸ் பத்தி ஒரு உறுதியான விஷயம்: வைட் லென்ஸ் முகத்தைக் கோணலாக்கும், டெலி லென்ஸ் இடத்தை நசுக்கும்னு சொல்றோமே, அந்தப் பெர்ஸ்பெக்டிவ் மாறறது லென்ஸால இல்ல, கேமரா எவ்வளவு தூரத்துல நிக்குதுங்கறதால. அதனால எந்த லென்ஸ் வாங்கலாம்னு கேக்காம, எவ்வளவு தள்ளி நிக்கணும்னு கேளுங்க.

'இன்க்ளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' 2009-ல, முதல் காட்சில ஒரு ஜெர்மன் ஆஃபீசரும் ஒரு பிரெஞ்சு விவசாயியும் மேஜையில உக்காந்து ரொம்ப நேரம் பேசுவாங்க, பால் குடிக்கறது, பேனாவுல எழுதறது, மரியாதையான பேச்சு. நடுவுல கேமரா மெதுவா தரைக்குக் கீழ இறங்கி, பலகைக்கு அடியில ஒரு குடும்பம் வாயைப் பொத்திக்கிட்டு படுத்திருக்கறதைக் காட்டும். அப்புறம் மேல வந்தா அதே மேஜை, அதே மரியாதை, ஆனா தாங்க முடியாது. கேமரா அந்தக் காட்சில செஞ்ச பெரிய வேலை அந்த ஒரு இறக்கம்தான், அதுவும் குண்டைக் காட்டறதுதான்.

கலர்ல எனக்குத் தெரிஞ்சவரைக்கும் நிச்சயமானது ரெண்டு. மங்கின வெளிச்சத்துல நம்ம கண்ணு நீலம் பச்சைப் பக்கம் சாயும், சிவப்பு சீக்கிரம் கறுத்துடும், புர்கின்யே எஃபெக்ட்னு பேரு, 1800-கள்லயே கவனிச்சு எழுதியிருக்காங்க. ராத்திரிக்கு நீலம் போடற வழக்கத்துக்கு ஒரு நிஜமான அடிப்படை அங்க இருக்கு. ரெண்டாவது, மொத்த ஃப்ரேமும் ஒரே கலர்ல இருந்தா, இருட்டு ரூம்ல பெரிய திரையில கொஞ்ச நேரத்துல கண்ணு அதையே வெள்ளையா எடுத்துக்கும். அப்ப உங்க நீலப்பச்சை எங்க இருக்கு? 2015 வாக்குல மெரின் டிரைவ்ல மஞ்ச சோடியம் விளக்கை எடுத்துட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டப்ப ஊரே சண்டை போட்டுச்சு, ஒரு கலர் ஊரோட மனசுல எவ்வளவு ஆழமா இருக்குன்னு அப்ப பார்த்தோம். உங்க பொண்ணு மஞ்ச வெளிச்சத்துலேர்ந்து வரட்டும், லிஃப்ட்ல ட்யூப் லைட்டோட பச்சை விழட்டும், வீட்டுக்குள்ள மட்டும் நீலம். கலர் மாறற இடத்துல மனசு மாறும். சிவப்புன்னா ஆபத்து, பச்சைன்னா நோய்னு பட்டியல் போடறதை நான் நம்பறதில்ல, நம்ம ஊர்ல சிவப்பு குங்குமமும் கல்யாணப் புடவையும்தான், பக்கத்துல என்ன இருக்குங்கறதை வச்சுத்தான் அர்த்தம் வரும். அப்புறம் ஃபோன்ல பாக்கறவங்களுக்கு இருட்டு ரொம்ப அடர்த்தியா இருந்தா அவங்க முகமே ஃபோன் கண்ணாடியில தெரியும், அதனால நிழல்ல கொஞ்சம் விவரம் விட்டு வைக்கச் சொல்லுங்க.

இப்ப உங்க டைம்லைனைத் திறந்து ட்ரோன் ட்ராக்கை மியூட் பண்ணுங்க, டிஐ லேயரையும் ஆஃப் பண்ணுங்க, படத்தைப் பாக்காம சத்தத்தை மட்டும் ஒரு தடவை கேளுங்க. எந்த இடத்துல உங்களுக்கே "யாரு?"ன்னு கேக்கத் தோணுதோ அங்கேர்ந்து வேலையை ஆரம்பிங்க. அந்த லிஃப்ட் குரலை நெட்ல தேடாதீங்க, உங்க பில்டிங்லயே ராத்திரி 1 மணிக்கு மேல, உங்க வீட்டு ஹால்ல மைக்கை வச்சு, கதவைச் சாத்தி, சுவர் தாண்டி வர்றதை அப்படியே எடுங்க, கிட்ட வச்சு எடுத்துட்டு அப்புறம் மங்க வைக்கறதை விட அது நூறு மடங்கு நல்லா இருக்கும். வாட்ச்மேன்கிட்டயும் பக்கத்து வீட்டுலயும் முன்னாடியே சொல்லிடுங்க, ரெண்டு நிமிஷம் லிஃப்ட் கதவு திறந்தே இருக்கும்னு.